மாமனார் நிலத்தில் ஓர் ஏரி

நான் சொல்லப்போவதில் எவ்வளவு சரி என்று எனக்கே நிச்சயமில்லை. அது செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் மற்றவர்களைக் கேட்டால் வெள்ளி என்பார்கள். ஆனால் எங்கள் வரைவாளர் தன் மேசைமேல் இருந்த வரைபடத்திலிருந்து தேநீர் டம்ளரைத் தூக்கிப் பார்த்ததையும், பார்த்துவிட்டு மெதுவாக அதே இடத்தில் திரும்ப வைத்ததையும் பக்கத்து மேசையிலிருந்து நான் கண்ணால் கண்டேன்.

எங்களுடையது வட்டாரத் திட்ட அலுவலகம். எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை வரைபடம் போட்டு நிறம் தீட்டுவோம். மஞ்சள் என்றால் வீடு கட்டலாம். பச்சை என்றால் பயிர் மட்டும். நீலம் ஏரி, குளம். பழுப்பு என்றால் குப்பைக் கிடங்கு.

டம்ளரின் அடியில் ஒரு முழு வட்டம் விழுந்திருந்தது. நல்ல பழுப்பு. அது சரியாக நான்கு ஏக்கரை மூடியிருந்தது. ஒரு மூலை போக, வரைவாளருடைய மாமனாரின் நிலம் முழுவதும் அதற்குள் வந்துவிட்டது.

அந்த நிலம் இந்த முறைதான் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற இருந்தது. மாறியதும் விற்றுவிடுவது என்று மூன்று மச்சான்களும் முடிவு செய்து, மனை போடுகிற ஒருவரிடம் வாக்கும் கொடுத்துவிட்டார்கள். மாமனார் அங்கே ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். விற்ற பிறகு மகன்கள் வீட்டில் நாலு நாலு மாதம் இருப்பதாக ஏற்பாடு. அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே எதுவும் சொல்வதில்லை. மகள் கல்யாணத்துக்கே தலையை மட்டும்தான் ஆட்டினார் என்பார்கள்.

வரைபடம் நாலு மணிக்கு நகலெடுக்கப் போயாக வேண்டும். வரைவாளர் ரப்பரால் தேய்த்தார். காகிதத்தின் தோல் உரிந்து கறை இன்னும் பரவியது. மஞ்சளைப் பூசினார். இப்போது அது கறை மாதிரிகூட இல்லை. யோசித்து, அளந்து தீட்டிய குப்பைக் கிடங்கு மாதிரி இருந்தது. பச்சை அதன்மேல் ஏறவே இல்லை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நீலத்தை எடுத்தார். நீலம் எல்லாவற்றையும் மூடியது. அவர் கையில் அத்தனை அழகான ஏரி அதற்கு முன் அமைந்ததில்லை.

"குப்பைக்கு ஏரி பரவாயில்ல. அப்புறமா திருத்திக்கலாம்," என்றார் என்னிடம்.

அதிகாரி வந்து குனிந்து பார்த்தார்.

"இந்த ஏரிக்குப் பேர் போடலையே?"

"புது ஏரி, சார்."

"பழைய படத்துல பார்த்த ஞாபகம் இல்லையே."

"அதனாலதான் சார் புதுசு."

அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டது. 'புது ஏரி' என்றே பெயர் ஏறியது. மறுநாள் நகல் அலுவலக அறிவிப்புப் பலகைக்குப் போனது.

ஒரு வாரத்தில் நீர்வளத் துறையிலிருந்து, ஏரியின் ஆழம் என்ன என்று கடிதம் வந்தது. பதில் போடாவிட்டால் ஆள் நேரில் வந்துவிடும். வரைவாளர் பன்னிரண்டு அடி என்று எழுதினார். அவர்கள் நன்றி சொல்லி, ஏரியைத் தங்கள் பதிவேட்டில் சேர்த்து, உத்தரவும் அனுப்பிவிட்டார்கள். நீர்நிலைக்குள் இருக்கும் நிலத்தை விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, புதிதாக ஒரு செங்கல் வைக்கக் கூடாது. ஏற்கெனவே குடியிருப்பவர் தம் காலம்வரை இருந்துகொள்ளலாம்.

வரைவாளர் அதைப் படித்து, மடித்து, இழுப்பறையின் அடியில் வைத்தார். அடுத்த யோசனையும் அவருடையதுதான். இந்த ஏரியைப் பார்த்தவர்கள் எழுதித் தெரிவிக்கலாம் என்று பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். ஒருவரும் எழுதமாட்டார்கள், அதை வைத்தே ஏரியை அழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

ஏழு கடிதங்கள் வந்தன. பதிவேட்டில் ஏற்றியவன் நான். ஒருவர் சின்ன வயதில் அங்கேதான் நீச்சல் பழகினாராம். ஒருவர் ஏரியை வெட்டியதே தன் தாத்தா என்றார். ஒருவர் மட்டும் குறைபட்டிருந்தார்: சமீப காலமாகத் தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இல்லை என்று.

இனி ஒரே வழிதான். நிலத்துக்காரர் விசாரணைக் கூட்டத்துக்கு நேரில் வந்து ஆட்சேபித்தால், அங்கேயே நிறத்தை நீக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரைவாளர் ஆட்சேப மனுவை எழுதி எடுத்துக்கொண்டு, மனைவியோடு மாமனார் வீட்டுக்குப் போனார். மூன்று மச்சான்களும் வாசலிலேயே இருந்தார்கள்.

"வாங்க மாப்ள," என்றார் மூத்தவர். "உங்க ஆபீஸ்ல எந்தக் கழுதை இங்க ஏரி வெட்டுனது?"

"விசாரிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"கண்டுபிடிச்சா சொல்லுங்க. நாங்க மூணு பேரும் வந்து பார்க்கணும்."

மாமனார் மனுவை வாங்கி வெகு நேரம் படித்தார். ஒரு பக்கம்தான், ஆனாலும் படித்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நானே வந்து பேசுகிறேன் என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை வரைவாளர் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் மனைவி கேட்டார்: "என்னங்க, உங்க ஆபீஸ்ல படம் வரையறவர் நீங்க ஒருத்தர்தானே?"

வரைவாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மறுநாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. விசாரணையில் உண்மை வெளியே வந்தால் வேலை போகும். வராமல் ஏரி நிலைத்துவிட்டால் மனைவி வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது.

கூட்டத்தன்று மச்சான்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பெடுக்க வேண்டியவர் வரைவாளர். மாமனாரின் முறை வந்தது. அவர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் அருகே போய் நின்றார். நீலத்தின்மேல் விரலை வைத்து ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றினார். வரைவாளரின் பென்சில் முனை உடைந்தது.

"உங்க ஆட்சேபம் என்ன, பெரியவரே?" என்றார் அதிகாரி.

"ஏரி சின்னதா இருக்குங்க. மாட்டுக் கொட்டகை வெளிய நிக்குது. அதையும் உள்ள சேர்த்துடுங்க."

மூத்த மகன் எழுந்துவிட்டார். "அப்பா, அங்க ஏரியே கிடையாதுப்பா."

மாமனார் திரும்பி மகன்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நாப்பது வருஷமா அதுலதானே குடியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

கொட்டகையும் சேர்ந்தது. அன்று சாயங்காலம் வரைவாளர் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். மனை போடுகிறவர் சாலைக்கு அந்தப் பக்கம் வேறு நிலம் வாங்கிக்கொண்டார். அதிகாரி மாற்றலாகிப் போனார். மச்சான்கள் ஒரு வருடம் பேசாமல் இருந்து, பிறகு பேசினார்கள். மாமனார் அந்த வீட்டில் மேலும் ஒன்பது வருடம் வாழ்ந்து, அங்கேயே காலமானார்.