மச்சானுக்கு விட்ட இடம்

ராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் சோணைமுத்து அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன், ஓய்வுபெற்ற ஹவில்தார் அழகுராஜா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை ஆனந்தவல்லியும் கல்யாணப் பெண் அனுசியாவும் நலம். கூமாப்பட்டியில் தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் தென்னம்பிள்ளைகளும் நலமாக இருக்க ஆண்டாள் துணை நிற்கட்டும். இதையெல்லாம் போனிலேயே விசாரித்திருப்பேன். பத்திரிகை கைக்கு வந்த அன்றே நீங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால், கூமாப்பட்டி பஸ் கண்டக்டர் வழியாக இந்தக் கடிதம்.

கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயர் எறும்பு அளவில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை அனுசியாவைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவர வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். மச்சான், தாய்மாமன் கைபிடிக்காமல் என் மகள் மணவறை ஏறினால் எனக்குச் சோறு இறங்குமா? உங்கள் தங்கையோ, "எங்கண்ணன் வரலைன்னா நான் மண்டபத்து வாசலை மிதிக்க மாட்டேன், நீங்களும் ஒங்க கம்ப்யூட்டரும் போயி கல்யாணத்த நடத்துங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடந்தது அவமரியாதை அல்ல, மரியாதை. அதுவும் சாதாரண மரியாதை அல்ல. விளக்குகிறேன்.

பென்ஷன் வந்தபிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிசைன் படிக்கச் சேர்ந்தேன் அல்லவா, அங்கே டீச்சர் சிவரஞ்சனி மேடம் முதல் நாளே என் கண்ணைத் திறந்துவிட்டார்! இத்தனை வருஷம் பட்டாளத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தினேனே, எழுத்துக்கும் வரிசை உண்டு, நடுவில் இடைவெளி உண்டு, மேல் வரியில் இருக்கும் 'ழு'வின் வால் கீழ் வரியில் இருக்கும் 'வீ'யின் தலையில் இடிக்கக் கூடாது என்று ஒருத்தராவது சொன்னார்களா? வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ஊரே வேறு ஊராகத் தெரிகிறது மச்சான்! ஒரு போர்டு உருப்படியாக இல்லை. ஒரு பால்கோவா கடையில் 'கோ'வின் கால் தனியாக, லீவு சொல்லாமல் போன சிப்பாய் மாதிரி, நாலு விரற்கடை தள்ளி நின்றது. பொறுக்கமுடியாமல் உள்ளே போய், "அண்ணாச்சி, ஒங்க கோவாவுல கால் தள்ளி நிக்கி" என்றேன். அவர் பதறிப்போய் எழுந்து கிண்டிக்கொண்டிருந்த சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பொறவு என் மீசையைப் பார்த்து உணவுத்துறை அதிகாரி என்றே முடிவு கட்டி, "ருசி பாருங்க சார், கலப்படமே கிடையாது" என்று ஒரு தொன்னை நிறைய நீட்டினார். நானும் தின்றுவிட்டு எழுத்து இடைவெளியைப் பற்றிச் செத்த நேரம் வகுப்பெடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இந்த உற்சாகத்தில்தான் பத்திரிகை வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ராஜபாளையத்தில் அச்சாபீஸ் வைத்திருக்கும் ஆல்வின் காட்டிய மாதிரிகளில் ஏழு விதமான ஃபாண்ட், எட்டு நிறம், ஒரு மயில், இரண்டு யானை. மேடம் என்ன சொன்னார் தெரியுமா? "சார், எதுக்கு மரியாதை குடுக்கணும்னு நினைக்கிறீங்களோ, அதைச் சுத்தி இடம் விடுங்க." யோசித்துப் பாருங்கள். பட்டாளத்து பாரக்கில் ஒரே அறையில் அறுபது கட்டில். ஜெனரல் சாப் அறையிலோ ஒரே ஒரு மேசை. ஆகவே மாப்பிள்ளையின் அப்பா, சித்தப்பா, பெரியப்பா, வட்டச் செயலாளர் அத்தனை பேரையும் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் ஷேர் ஆட்டோவில் ஏற்றுவதுபோல் அடைத்துவிட்டேன். உங்களுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் முழுவதும்! நட்டநடுவில் சின்னதாக 'சோணைமுத்து'. அந்தச் 'சோ'வின் கொம்பையும் காலையும் சரியாக நிறுத்த ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். தேவையில்லாததை நீக்குவதே டிசைன் என்பதால் 'திரு'வையும் 'அவர்கள்' என்பதையும்கூட நீக்கினேன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதை அச்சாகாத பக்கம் என்று நினைத்து மோட்டார் மெக்கானிக் நம்பரை அதில் எழுதிவைத்தது என் குற்றமா?

இருந்தாலும் உங்கள் மனம் நொந்தது நொந்ததுதான். அதற்குப் பரிகாரமாக ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்து வாசலில் வைக்கும் பேனரை முழுக்க உங்களுக்கே ஒதுக்கிவிட்டேன். இருபதடி பேனர்! இந்தத் தடவை எறும்பு இல்லை, ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். மாப்பிள்ளை பெயர் இல்லை, பெண் பெயர் இல்லை, மயில் இல்லை. தூய வெள்ளை. நடுவில் உங்கள் பெயர், கன்னங்கரேல் என்று. வெள்ளையில் கறுப்புதான் கண்ணுக்கு முதலில் படும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. ஆல்வின், "சார், வேண்டாம் சார், சுத்தி ஒரு சரிகை பார்டராவது, ஒரு சிவப்பு ரோசாவாவது போட்டுத் தாரேன், இப்படியே வைக்காதீங்க" என்று கெஞ்சினார். பழைய காலத்து ஆள், வெற்றிடத்தைக் கண்டால் பயப்படுகிறார். நான் அசையவில்லை. இன்று சாயந்தரமே கட்டிவிடுகிறார்கள்.

வந்து பாருங்கள் மச்சான். கோபத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு தடவை அந்த வாசலில் நின்று பாருங்கள். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. நான் எல்லையில் இருந்த காலமெல்லாம் இந்தப் பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தது நீங்கள். உங்கள் கை இல்லாமல் அவளை மணவறையில் ஏற்ற எனக்குத் தைரியமில்லை.

தாங்கள் நூறாண்டு நோய்நொடியின்றி வாழ்ந்து, அனுசியாவின் பேரப்பிள்ளைகளுக்கும் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
தங்கள் அன்புள்ள,
அழகுராஜா

பி.கு.: இதைச் சாயந்தரம் மண்டபத்து வாசலில் இருந்து எழுதுகிறேன். பேனர் கட்டி முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு பேர் மாலையோடு வந்துவிட்டார்கள். வத்திராயிருப்புக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசன், எப்ப எடுக்காக?" என்று கேட்கிறார். "அவிய உசுரோடதான் இருக்காக" என்றேன். "பொறவு எதுக்குய்யா இந்த பேனரு?" என்றார். வெற்றிடத்தின் மரியாதையை விளக்கத் தொடங்கினேன். பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எனக்கு சோடா உடைத்துக் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். உங்கள் தங்கை பேனரைப் பார்த்தாள். அவள் சொன்னதை எழுத முடியாது. மேளக்காரர்கள் வேறு, எந்த மேளம் கொண்டுவருவது என்று போன் போட்டுக் கேட்கிறார்கள். மச்சான், மேலே எழுதிய விளக்கம் எதையும் நீங்கள் படிக்க வேண்டாம், என்னை மன்னிக்கவும் வேண்டாம். இந்தக் கண்டக்டரின் பஸ்ஸிலேயே ஏறி வந்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். இடம் நிறைய விட்டிருக்கிறேன்.