சர்வருக்குள் குடியிருந்த குட்டிச்சாமி

ஓவுலு நகரத்தில் ஏரிக்கரைக் குடில்களை வாடகைக்கு விடும் அந்தக் கம்பெனியில் அன்று ஒருவரும் வேலை செய்யவில்லை. பதினொரு கணினிப் பட்டதாரிகள் காலணியைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு, வலைத்தளத்தை ஓட்டும் சர்வர் அறை வாசலில் பயபக்தியாக நின்றார்கள். உள்ளே, வெளியிலிருந்து வரும் சர்வர் நிபுணர் இல்போ பிர்ச் மர இலைக் கொத்தால் சர்வருக்கு விசிறிக்கொண்டிருந்தார். தரையில் ஒரு கிண்ணம் பார்லிக் கஞ்சி, நடுவில் வெண்ணெய். சர்வருக்குள் குடியிருக்கும் குட்டிச்சாமிக்குப் படையல். சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் குடியிருக்கும் குட்டிச்சாமிக்குக் கஞ்சி வைத்துப் பழகியவர்கள். சர்வரிலும் ஒன்று இருக்கிறது என்றதும் நம்பிவிட்டார்கள்.

இல்போ இலவசப் பரிசோதனைக்கு வந்துபோன நாளிலிருந்து, மாதம் தவறாமல் இருபதாம் தேதி வலைத்தளம் படுத்துவிடும். அவர் வருவார், விசிறுவார், கீபோர்டில் ஏதோ மந்திரம் தட்டுவார். எழுந்துவிடும். சர்வர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதியிருக்கும் அமைப்பு ஃபைலை மட்டும் வேறு யாரும் திறக்கக் கூடாதாம். திறந்தால் சாபமாம்.

"எங்க லேப்டாப்ல இதே நிரல் பறக்குது," என்றான் நிரல் எழுதும் வெய்னி. "அங்க மட்டும் படுக்குதுன்னா வேற என்னவாம்?"

"உங்க லேப்டாப் எல்லாம் விண்டோஸ். சர்வர்ல ஓடுறது லினக்ஸ், வேற இயங்குதளம்," என்றாள் சைமி. சர்வரைக் கவனிப்பது அவள் வேலை.

"அதைச் சாமிகிட்டச் சொல்லும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி ரைலி சிரிக்கவில்லை.

"உங்க கை ராசியில்லையாம், சைமி. இல்போ சொல்றார். வெள்ளிக்கிழமையோட நின்னுக்குங்க. இனிமே அவரே பார்த்துக்குவார்."

ஆறு வருட வேலை, ஒரு இலைக்கொத்தால் போகிறது. சைமி தன் இடத்துக்குப் போய் அந்த ஃபைலைத் திறந்தாள். சாபத்துக்குப் பயந்து அவளும் இத்தனை மாதம் திறக்காதவள்தான். ஒரு காபி ஆறுவதற்குள் அந்த வரி கிடைத்தது: லினக்ஸாக இருந்தால், இருபதாம் தேதி முதல் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடு; ரகசியச் சொல்லைத் தட்டினால் அந்த மாதம் முழுக்க எல்லோரையும் விடு. விண்டோஸில் அந்த வரி வாயே திறக்காது.

திரும்பி வந்து சர்வர் அறைக் கீபோர்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இல்போ, இன்னைக்கு நீங்க விசிற மட்டும் செய்யுங்க. தட்ட வேண்டாம்."

விசிறினார். வேர்க்க வேர்க்க விசிறினார். இலைதான் கொட்டியது. தளம் அசையவில்லை.

"ராசியில்லாதவ பக்கத்துல நின்னா சாமி கேக்காது," என்றார்.

"சரி, நான் தள்ளி நிக்கிறேன். மந்திரத்தைப் பெரிய திரையில தட்டுங்க. எல்லாரும் பார்ப்போம்."

"மந்திரத்தைப் பார்க்கக் கூடாது."

"அப்ப நானே காட்டுறேன்." அந்த வரியைத் திரையில் காட்டி, அழித்து, சர்வரை நிறுத்தி எழுப்பினாள். விசிற ஆளில்லாமலே தளம் ஓடியது.

"அந்த வரியை எழுதினது யாரு?" என்று கேட்டார் ரைலி.

ஃபைலில் யார், எப்போது கை வைத்தார்கள் என்று காட்டும் மாற்றங்களின் பதிவைச் சைமி திறந்தாள். இலவசப் பரிசோதனை நடந்த தேதி. பக்கத்தில் இல்போவின் பெயர்.

"கஞ்சியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க, இல்போ," என்றார் ரைலி. பிறகு தரையைப் பார்த்தபடி, "சைமி, வெள்ளிக்கிழமைன்னு சொன்னதை மறந்துடுங்க."

அவள் மறக்கப்போவதில்லை. பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கும் பதினொரு பேரை ஒருவன் திறக்காதே என்ற ஒரு சொல்லால் கட்டிப்போட்டான். யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், கும்பிடுவதற்கு முன்னால் திறந்து பாருங்கள். உள்ளே சாமி இருந்தால் கோபித்துக்கொள்ளாது. ஆசாமி இருந்தால்தான் கோபம் வரும்.