கண்டென்சரக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

தான் செய்த வேலைக்கு முப்பது வருடம் கழித்தும் உத்தரவாதம் கொடுத்த ஒரே மனிதப் பிறவி, எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் கண்டென்சரக்காதான். கொடுத்ததோடு விட்டாரா? கேட்காதவர்கள் வீட்டுக்கெல்லாம் தேடிப் போய்க் கொடுத்தார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். அக்கா அங்கே செக்கிங் பிரிவு. தைத்து வரும் பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை எது இருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவார். அவர் முறைத்தால் பனியனே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் என்று மேனேஜர் சொல்வார்.

அதற்கெல்லாம் முன்னால், பதினேழு வயதில், கோவையில் வால்வு ரேடியோ தயாரித்த ஒரு சின்னக் கம்பெனியில் அக்கா வேலை செய்திருக்கிறார். மரப்பெட்டிக்குள் கண்டென்சர்களை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வேலை. ஆயிரக்கணக்கில் வைத்தாராம். அவை வயதானால் கெட்டுப்போகும் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

"காயிதத்தைச் சுருட்டி மெழுகுல முக்கி வெச்சதுங்க கண்ணு. வருசம் ஆக ஆக ஈரம் ஏறிக்கும். தடுக்க வேண்டிய கரண்டைத் தடுக்காம உள்ள உட்டுரும். வாட்ச்மேன் தூங்கற மாதிரித்தான்."

"நான் எங்கீங்கக்கா தூங்கினேன்?" என்று கம்பெனி கேட்டிலிருந்து வாட்ச்மேனின் குரல் வந்தது.

இதனால் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அக்காவின் முதல் கேள்வி, "உங்க ஊட்டுல பழைய ரேடியோ இருக்குதுங்களா?" துக்க வீட்டிலும் இதையே கேட்டார், கொஞ்சம் மெதுவாக.

ஒருமுறை தன் அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்க நெருப்பெரிச்சல் என்ற ஊருக்குப் போனார்கள். எல்லோரும் பெண்ணைப் பார்க்க, அக்கா மட்டும் அலமாரியில் இருந்த மரப்பெட்டி ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?" என்று பெண்ணின் அப்பா பணிவாகக் கேட்டார். அக்கா கண்ணை எடுக்காமலே, "மேல பாத்தா நல்லாத்தான் இருக்குது. பின்னாடி மூடியக் கழட்டிப் பாத்தாத்தானுங்க எதுவும் சொல்ல முடியும்" என்றார்.

அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாகப் போய், அந்த ரேடியோவுக்குக் கண்டென்சர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கள் மேனேஜர் இதையெல்லாம் நம்பவில்லை. அவர் அறையில் அவருடைய அப்பாவின் ரேடியோ ஒன்று கொர்ரென்று இரைந்துகொண்டே பாடும். "சார், அது இரையறது கண்டென்சருங்க. பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள கரண்டு நிக்கும், கை வெச்சராதீங்க" என்று அக்கா சொல்லிப் பார்த்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, விரலை விட்டார். அடுத்த நொடி அவர் ஃபைல் ரேக்கில் சாய்ந்திருந்தார். "அய்யோ அம்மா" என்று அவர் கத்தியது தையல் பிரிவு வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அக்காவை அவர் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு ஞாயிறு என்னையும் மடத்துக்குளத்துக்கு அழைத்துப் போனார். ஒரு தென்னந்தோப்புக்காரர் வீடு. அவர் மனைவிக்குச் சர்க்கரையால் இரண்டு கண்ணும் போய்விட்டது. டி.வி.யால் பயனில்லை. மகன் வாங்கித் தந்த சின்ன டிரான்சிஸ்டரை அந்த அம்மா தொடவே மாட்டேன் என்றார். "அது கீச்சுக் கீச்சுன்னு எலி மாதிரிப் பேசுது. எனக்கு அந்தப் பெரிய பெட்டிதான் வேணும். அதுல மனுசன் ஊட்டுக்குள்ள வந்து பேசற மாதிரி இருக்கும்." ஆசைக்காகப் பரணிலிருந்து இறக்கி மாட்டியபோது புகை வந்துவிட்டது. உடுமலையில் காட்டியதற்கு, தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்களாம்.

அக்கா மூடியைக் கழற்றி முகத்தை உள்ளே நுழைத்து மோந்து பார்த்தார். "மெழுகு வாசந்தான். டிரான்ஸ்பார்மர் கருகல. பொழைச்சாலும் பொழைக்கும்."

பிறகு ஒரு கண்டென்சரின் கம்பியை விரலால் தடவியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னக்கா?"

"இது என் கை இல்ல கண்ணு. நான் கம்பிய இந்தப் பக்கம் மடிக்கவே மாட்டேன். பக்கத்து பெஞ்சுல ஒருத்தி இருந்தா. அவ வேலை. கல்யாணமாகி எங்கயோ வடக்க போயிட்டா."

"அப்ப நம்ம பொறுப்பு இல்லீங்களே? கிளம்பலாமா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவளுக்கு இது தெரியவா போகுது? நாந்தான் பாத்துட்டனே."

பதினான்கு கண்டென்சர்கள். புகைந்து வெடித்திருந்தது இரண்டுதான், ஆனால் மற்றவற்றுக்கும் அதே வயது என்று ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றினார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு நிமிரவில்லை. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் இரண்டு தடவை விரலைச் சுட்டது; அந்த இரண்டு தடவையும் பக்கத்து பெஞ்சுக்காரியைத்தான் திட்டினார்.

மூன்று மணிக்கு, ரேடியோவுக்கும் பிளக்குக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்தார். "எல்லாரும் பல்பையே பாருங்க. பளீர்னு எரிஞ்சுட்டே இருந்தா உள்ள ஷார்ட்டு, ரேடியோ போச்சு. எரிஞ்சு மங்கினா பொழைச்சுக்கும்."

சுவிட்சைப் போட்டார். பல்பு பளீரென்றது. தோப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னாச்சுங்க? யாராச்சும் சொல்லுங்களே!" என்றார் அந்த அம்மா.

பல்பு மெல்ல மங்கியது. உள்ளே வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அவை சூடேற அரை நிமிடம் ஆனது. பிறகு ஒரு கனத்த ஆண்குரல், தென்னைக்கு எப்படி உரம் வைப்பது என்று கூடத்தின் நடுவில் நின்று பேசுவதுபோல் பேசியது. இரைச்சல் துளியும் இல்லை.

அந்த அம்மா எழுந்து, தடவித் தடவி வந்து, தப்பாமல் குமிழைப் பிடித்து சத்தத்தைக் கூட்டினார். "வந்ததும் வராததுமா நம்ம தோப்பைப் பத்தியே பேசறான் பாருங்க!" என்று சிரித்தார். பிறகு அக்காவின் கையைத் தேடிப் பிடித்தார். விரல்களிலிருந்த பழைய சூட்டுத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அக்கா அன்றைக்குக் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே விட்டுவிட்டார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது உடுமலை தாண்டுவதற்குள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். பல்லடத்தில் என் கை மரத்துவிட்டது. திருப்பூர் வந்து, எல்லோரும் இறங்கி, கண்டக்டர் வந்து தட்டும்வரை நான் அசையவே இல்லை.