என் போனுக்குக் கிடைத்த சுதந்திரம்

கிறிஸ்துமஸுக்குள் புது போன் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். என் போன் அவ்வளவு பழசு. பாறசாலை சந்தையில் அதை எடுத்துப் பேசினால், மீன்காரி இரக்கப்பட்டு ரெண்டு மத்தி கூடுதலாகப் போடுவாள்.

எங்கள் வீட்டில் முடிவெடுப்பது நான். தீர்ப்பு சொல்வது என் மனைவி மினி. ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். காரணம் கேட்பாள்.

அந்தக் காரணத்தைக் கொரோனா கொண்டு வந்து தந்தது. தனுவச்சபுரத்தில் ஒரு தனியார் கல்லூரி ஆபீஸில் எனக்கு வேலை. எல்லாரும் போனில் ஒரு ஆப் போட்டாக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பக்கத்தில் யார் யார் போன் இருந்தது என்று அது புளூடூத் வழியாகக் குறித்துக்கொள்ளும். ஒருவருக்கு நோய் வந்தால், அவரோடு நெருங்கி இருந்தவர்கள் போனுக்கெல்லாம் எச்சரிக்கை போகும். நானும் போட்டுப் பார்த்தேன். ‘உங்கள் கருவி பழையது’ என்று ஆப் மறுத்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, சோகமான முகத்தோடு வீட்டுக்குப் போனேன்.

“மினி, இது உயிர்க் காரியமாக்கும். புது போன் வாங்காம முடியாது.”

“இதுக்கு என்ன கேடு?”

“புளூடூத் வேணும்.”

“நேத்து அதுல தானே பாட்டு கேட்டிய?”

“புளூடூத் உண்டு. ஆப் உள்ள கேறாது. போன் பழசு.”

“போன் பழசா, உள்ள இருக்கப்பட்ட சாப்ட்வேர் பழசா?”

“ரெண்டும் ஒண்ணு தானே.”

“உங்க சட்டை பழசானா சட்டையைத் தானே மாத்துதேன். உங்களையா மாத்துதேன்? இங்க தாருங்க. ப்ரீ சாப்ட்வேர் போட்டுப் பாக்கலாம்.”

“ஓசியில கிட்டுற சாமான் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“ஓசி இல்ல. இது வேற ப்ரீ. சுதந்திரம். யாரும் திறந்து பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்.”

“இந்த வீட்டுல எனக்கே இல்லாத சுதந்திரம் என் போனுக்கு எதுக்கு?”

“போன் சொன்ன பேச்சு கேக்கும்,” என்றாள் மினி.

ஸ்கூல் லேப்டாப்பில் கேபிளைச் சொருகி, போனில் இருந்த பழைய சாப்ட்வேரை முழுசாகத் துடைத்துவிட்டுப் புதுசை ஏற்றினாள். போனில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மனசுக்குள் இரங்கல் கூட்டமே நடத்தி முடித்துவிட்டேன். மினி விடவில்லை. அதே போனை வைத்திருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் நெட்டில் போட்டிருந்த வேறொன்றைத் தேடி எடுத்து ஏற்றினாள். மறுநாள் மத்தியானம் போனுக்கு உயிர் வந்தது. ஆப்பும் கேறியது.

ஆனால் அவள் போனும் என் போனும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்குள் நாங்கள் இருப்பது போலவே இருந்தன. மினி வாசலில் நின்றுகொண்டு, தன் போனைப் பிடித்தபடி, என்னை என் போனோடு முற்றத்தில் நடக்க விட்டாள். கிட்ட வா, தள்ளிப் போ, மறுபடி கிட்ட வா. பக்கத்து வீட்டுச் சுகிர்தபாய் சித்தி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்ன மக்கா, டீச்சர் வெளிய நிறுத்திட்டாளா?”

“டெஸ்ட்டு சித்தி.”

“தோத்துட்டியா?”

கடைசியில், இருப்பிடம் காட்டும் சுவிட்சைப் போடாமல் விட்டிருப்பதை மினி கண்டுபிடித்தாள். அதைப் போட்டதும் போன்கள் ரெண்டும் கண்டுகொண்டன. புது போன் கனவு அங்கேயே முடிந்தது.

ஆபீஸில் என் போனைச் சுற்றிக் கூட்டம். அங்கே பாதிப் பேர் போன் என் போனைவிடப் பழசு.

“யாரு சார் செய்தது?”

மினி பக்கத்தில் இல்லை. “நான் தான்” என்று வாய் சொல்லிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பை நிறையப் போன்களோடு வீட்டுக்குப் போனேன்.

“யாரு செய்ததுன்னு கேட்டாங்களா?” என்றாள் மினி.

“கேட்டாங்க. வீட்டுல வச்சு செய்ததாக்கும்னு சொன்னேன்.”

மினி ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் ஒன்றும் சொல்லாவிட்டால் பயப்பட வேண்டும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒவ்வொரு போனாகச் சரி செய்து, சார்ஜ் போகக்கூடாது என்று அணைத்துத் தந்தாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். புளூடூத் என்றால் என்ன என்று ஆபீஸில் தினமும் வகுப்பு எடுத்தேன். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர் அட்டெண்டர் செல்லசாமி. அவர் சம்சாரம் விஜயம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் தவறாமல் டயாலிசிஸ். அந்தம்மாவுக்குக் கொரோனா வந்தால் தாங்காது. இது தெரிந்ததும் மினி அவர் போனைத் தான் முதலில் எடுத்துச் செய்திருந்தாள்.

கொஞ்ச நாளில் கேஷ் கவுண்டர் பிபினுக்குக் காய்ச்சல் கண்டது. பரிசோதனையில் நோய் உறுதியானது. அவன் ஆப்பில் பதிந்ததுமே செல்லசாமி போனில் எச்சரிக்கை வந்தது. அப்போது அவர் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் காரோடு என்ற ஊரில் பூட்டிக் கிடந்த தம்பி வீட்டுக்குப் போய்த் தனியாக இருந்துகொண்டார். பிற்பாடு அவருக்கும் காய்ச்சல் வந்து, தானாகக் குணமானது. விஜயம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை.

சுகமானதும் செல்லசாமி ஒரு குலை ரசகதலி வாழைப்பழத்தோடு எங்கள் கேட்டுக்கு வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

“வாருங்க செல்லசாமி.”

“டீச்சர் இல்லையா சார்?”

“நான் இருக்கேனே.”

“டீச்சரைப் பாக்கணும்.”

மினி வந்தாள். செல்லசாமி பழக்குலையை அவள் காலடியில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். அவர் கண் நிறைந்திருந்தது. மினிக்கும் கண் கலங்கியது. எனக்கும் தான். என் பெண்டாட்டியாக்கும் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒரு சந்தேகம் வந்தது.

“டீச்சர் செய்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போனை ஆன் பண்ணினா முதல்ல அது தானே சார் வரும். ஆபீஸ்ல எல்லாரும் அன்னைக்கே வாசிச்சாச்சு.”

அப்படியானால் என் வகுப்பெல்லாம் எதற்குக் கேட்டார்கள்? மினியைப் பார்த்தேன்.

“இந்த சாப்ட்வேரை யாரும் எடுக்கலாம், மாத்தலாம், குடுக்கலாம்,” என்றாள் அமைதியாக. “செய்தவங்க பேரை மட்டும் அழிக்கப்பிடாது. அது சட்டமாக்கும்.”

செல்லசாமி தன் போனை அணைத்து, ஆன் செய்து என்னிடம் நீட்டினார். ‘சரி செய்தது: மினி டீச்சர்’ என்று பெரிய எழுத்தில் வந்தது.

“உங்க பேரும் உண்டு சார்,” என்றார் ஆறுதலாக.

உண்மை தான். கீழே, சின்ன எழுத்தில் இருந்தது: ‘பை சுமந்தது: ரெஜி.’