டம்ளருக்குத்தான் காசு

சட்டம் படித்தவர்கள் ஒரு ரகம். சட்டத்தைப் படிக்காமல் அதிலுள்ள ஓட்டையை மட்டும் படித்தவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ராஜபாளையம் டீக்கடையில், அடுத்தவன் வாங்கிய பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "அதுக்கு ஒரு செக்‌ஷன் இருக்குல்லா" என்று ஆரம்பிப்பார். எந்த செக்‌ஷன் என்றால் டீ ஆறுது என்பார். ஹெல்மெட் இல்லாமல் தப்பிக்க ஊருக்கெல்லாம் வழி சொல்லிவிட்டு, தான் மட்டும் பஸ்ஸில் போவார். விவரமானவர்.

அப்படிப்பட்ட சேதுபதியிடம்தான் மில் ஃபிட்டர் சிவபாண்டி போய் மாட்டினான். கூட வேலை பார்க்கும் மாரிக்கனியக்காவுக்கு முறிந்த கால் கோணலாகக் கூடிவிட்டது. மறுபடி ஆபரேஷன் செய்தால்தான் கம்பில்லாமல் நடக்க முடியும். பணம் திரட்டச் சிவபாண்டிக்குத் தெரிந்த ஒரே வித்தை, பெங்களூரில் கற்றுக்கொண்டது: பார்லியை ஊறல் போட்டு வீட்டிலேயே பீர் இறக்குவது.

"வித்தா போலீஸ் பிடிக்குமே அண்ணாச்சி?"

"ஏலே, பீரை யாரு விக்கச் சொன்னா? டம்ளரை வித்துக்கோ. பீரைச் சும்மா ஊத்து. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்குனா பை சும்மா தாரான். பையை வித்தான்னு எவனாச்சும் கேஸ் போட்டானா?"

"அதுவும் சரிதான்…"

"தர்மத்துக்குன்னா சட்டம் கண்ணை மூடிக்கிடும்லே!"

மூடிய கண்ணைத் திறக்க வேண்டாமா? ஃப்ளெக்ஸ் இல்லாமல் நம்மூரில் நல்ல காரியம் ஏது? முச்சந்தியில் ஆளுயரத்துக்குக் கட்டினார்கள்: 'மாரிக்கனி கால் நிதி. டம்ளர் வாங்குவோர்க்கு வீட்டுப் பீர் இலவசம்.' கீழே கைகூப்பியபடி சேதுபதி, சட்ட ஆலோசகர். அவரே கேட்டு வாங்கிய இடம்.

முதல் டம்ளருக்கு வந்து நின்றவர் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர்.

"டம்ளருக்குத்தான் சார் காசு," என்றான் சிவபாண்டி பவ்யமாக.

"டம்ளரை நீயே வச்சுக்க. ஊறல் போட்டதே குத்தம், விக்கிறதெல்லாம் பொறவு. எங்கய்யா உங்க ஆலோசகர்?"

கூட்டத்தின் கடைசியிலிருந்து சேதுபதி தன் நரைத்த மீசையைத் தொட்டுக் காட்டிப் பதறினார்: "அது நான் இல்ல சார். அதுல மீசை கறுப்பால்லா இருக்கு!"

பீர் சாக்கடைக்குப் போனது, சிவபாண்டி உள்ளே போனான். ஜாமீன் கையெழுத்து என்றதும் மில்லில் அம்புட்டுப் பேருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. தன் சோழபுரத்து ஓட்டு வீட்டின் தீர்வை ரசீதை எடுத்துக்கொண்டு வந்தது மாரிக்கனி ஒருத்திதான். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாள். கம்பை ஊன்றி ஊன்றிக் கோர்ட்டுப் படியேறினாள்.

"ஏலே சிவபாண்டி, காலை நிமித்துதேன்னு சொல்லிக் கோர்ட்டுப் படி ஏற வச்சிட்டியேடா. நல்லா இருப்ப!"

பின்னாலிருந்து ஒரு குரல்: "யக்கா, படி உசரம் சாஸ்தியா இருக்கு. இதுக்கே தனியா ஒரு கேஸ் போடலாம்."

வேறு யார்? அக்கா கம்பை ஓங்கினாள். ஆலோசகர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஓடினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்: 'டம்ளர் விற்றதுதான் தப்பு, பீரைச் சும்மா ஊற்றிப் பக்கத்தில் ஓர் உண்டியல் வைத்திருக்கலாம்' என்று நடுவில் உங்களுக்கும் தோன்றியதா, இல்லையா?

தோன்றியிருந்தால், மாரிக்கனியக்கா கம்போடு வருகிற தெருவில் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.