பூரி மாதிரி உப்பிய உத்திரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி தங்கமுத்து அவர்களுக்கு,

குஜிலியம்பாறை பொன்னுத்துரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நலம், மழையும் நலம். ஒட்டன்சத்திரத்தில் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மாப்பிள்ளை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அதைப் பற்றித்தான் பேச வேண்டும். போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று என் வீட்டுக்காரி சுந்தரம்மாள் சொன்னதால் கடிதம்.

திண்டுக்கல்லில் நான் கட்டும் கல்யாண மண்டபத்துக்கு உங்கள் மகன் மோகன்குமார்தான் இன்ஜினியர். மாடித் தளத்துக்குக் கீழே நான்கு இரும்பு உத்திரம், மேலே கான்கிரீட், இரண்டும் சேர்ந்துதான் பாரம் தாங்கும், தீப்பிடித்தால் இரும்பு தளர்ந்துவிடும், அதனால் விசேஷ பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார். அது எப்படித் தீயைத் தடுக்கும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது எனக்குப் பந்தல்காரரிடமிருந்து போன் வந்தது, எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சும் விருந்து, வெளியே மழை கொட்டியதால் பிரியாணி மாஸ்டர் இஷாக் அடுப்பை உத்திரத்துக்குக் கீழேயே வைத்தார், வைக்கச் சொன்னதும் நான்தான், அண்டாவில் எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டு உத்திரம் வரை எழும்பியது, அவர் மூடியைப் போட்டு அணைத்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிரியாணிதான் தாமதம், ஆனால் அண்ணாந்து பார்த்தால் உங்கள் மகன் தேர்ந்தெடுத்த பெயிண்ட் பூரி மாதிரி உப்பிக் கருத்து நிற்கிறது. வந்த சனம் அம்புட்டும் பந்தியை விட்டுவிட்டு அதையே வேடிக்கை பார்த்தது. என் பங்காளி பாண்டியராஜ் கை கழுவிக்கொண்டே, "ஏப்பா, பெயிண்டே தாங்கல, மாப்பிள்ளை எப்பிடித் தாங்குவாரு?" என்றான். எனக்கு மானமே போய்விட்டது.

பெயிண்ட் பார்த்து வாங்கத் தெரியாதவர் கையில் பெண்ணைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது, சம்பந்தி. தை முகூர்த்தத்தை இப்போதைக்கு நிறுத்தி வைப்போம். மகள் கீர்த்தனா கோபமாக இருக்கிறாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஆனாலும் தகப்பன் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. கள்ளழகர் உங்களையும் என்னையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
சம்பந்தியாக இருக்கிறேனா என்று தெரியாத
பொன்னுத்துரை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள், மண்டபத்துக்கு அனுமதி தரத் தீயணைப்பு அதிகாரி வந்துவிட்டார். நான் மறைக்கப் பார்த்த உப்பலைத்தான் முதலில் பார்த்தார். சூடு பட்டால் அந்த பெயிண்ட் உப்பத்தான் வேண்டுமாம். உப்பி மெத்தை போல நின்று இரும்பைச் சூடேற விடாமல் காக்குமாம். கொஞ்சம் பெயர்த்துக் காட்டினார், உள்ளே இரும்பில் ஒரு கறைகூட இல்லை. "இம்புட்டு விவரமா யாரு சொல்லி அடிச்சீக?" என்று கேட்டார். "என் மாப்பிள்ளை" என்றேன். ஆகவே மேலே உள்ளதை எழுதாததாக நினைத்து, தை முகூர்த்தத்துக்கு ஜவுளி எடுக்க வாருங்கள். இன்னொன்று. மற்ற மூன்று உத்திரங்களிலும் இருந்த பெயிண்டை மட்டமான சரக்கு என்று நினைத்து நேற்றே ஆள் வைத்துச் சுரண்டிவிட்டேன். திரும்ப அடிக்காமல் அனுமதி கிடையாது என்கிறார் அதிகாரி. இதை மாப்பிள்ளையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.