ஸ்டிக்கர் கிடைக்காத வயலின்

உலகத்தில் எத்தனையோ நாகரிகங்கள் தோன்றின, மறைந்தன. ஆனால் ஒரு வயலினைப் பார்த்து, "இரண்டாயிரமாவது ஆண்டில் நீ வேலை செய்வாயா?" என்று மூன்று பிரதிகளில் எழுதிக் கேட்ட பெருமை பெங்களூருக்கே உரியது.

பிரேசர் டவுன் நோராவுக்கு அந்தப் பெருமையில் பங்கு கிடைத்தது 1999 டிசம்பரில். இருபத்திரண்டு வருடமாக வயலின் வாசிக்கிறார். சர்ச், கல்யாண ரிசப்ஷன், ரெக்கார்டிங் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு துண்டுத் தாளில்கூட அவர் பெயர் அச்சானதில்லை. அதனால் பாலகுமார் வந்து கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: நிகழ்ச்சித் தாளில் பேர் வரணும்.

பாலகுமார் பகலில் ஒரு மென்பொருள் கம்பெனியில் புரோகிராம் எழுதுபவர். மற்ற நேரங்களில் 'நவீன இசையமைப்பாளர்'. கம்ப்யூட்டரையும் வயலினையும் கலந்து 'இரண்டாயிரத்தின் நாதம்' என்று ஒன்றைச் செய்திருந்தார். ஜனவரி மூன்றாம் தேதி, புத்தாண்டின் முதல் வேலைநாளில், கம்பெனி அரங்கிலேயே அரங்கேற்றம்.

"உங்க பேரு போல்டுல வரும் மேடம். நீங்கதான் இதுக்கு ஆத்மா" என்றார். ஆத்மாவுக்கும் கேட் பாஸ் வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

அப்போது ஊரெல்லாம் ஒய்-டூ-கே பயம். வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிப் பழகிய கம்ப்யூட்டர்கள், 2000 பிறந்ததும் '00' என்பதை 1900 என்று நினைத்துக் குழம்பிவிடுமாம். ஆகவே கம்பெனிக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளையும் சோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட ஒரு குழு. அதன் தலைவர் சந்திரசேகரன். அப்பழுக்கற்ற மனிதர். லிஃப்டுக்கு ஒட்டினார், காபி மெஷினுக்கு ஒட்டினார். வாசலில் ஓடாமல் நின்றுபோன கடிகாரத்துக்கும் ஒட்டினார். ஓடாதது குழம்பாது அல்லவா?

வயலினை மட்டும் விடுவாரா? டார்ச் அடித்து அதன் வயிற்றுக்குள் பார்த்தார். உள்ளே, செய்தவர் ஒட்டிய பழுப்பேறிய சீட்டு. அதில் '19' என்பது அச்சு. பக்கத்தில் '32' என்பது பேனாவில் எழுதியது.

"பாருங்க மேடம்!" என்று பதறினார். "பத்தொம்போதைப் பிரிண்ட் பண்ணிட்டு, மிச்ச ரெண்டு டிஜிட்டுக்கு மட்டும் இடம் விட்டிருக்கான். ஒய்-டூ-கே பிராப்ளமே இதுதான்!"

"ஐயோ, அது செஞ்ச வருஷம் சார். வயலினுக்கு வருஷமெல்லாம் தெரியாது, சுருதிதான் தெரியும்."

"ஜனவரில ஃபெயிலானா யார் பொறுப்பு?"

"தந்தி அறுந்தா மாத்துவேன். அது டிசம்பர்லயும்தான் அறும்."

இந்த வாக்குமூலம் 'ஏற்கெனவே உள்ள கோளாறு' என்ற தலைப்பில் பதிவாயிற்று. வயலின் மேடையேறத் தடை.

பாலகுமார் துடித்துப்போனார். முழுசாக இரண்டு நிமிடம் துடித்தார். பிறகு வழி கண்டுபிடித்தார்.

"சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம். உங்க வயலினைக் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம். கம்ப்யூட்டருக்கு ஸ்டிக்கர் இருக்கு."

மூன்று நாள் பாலகுமார் பதிவு செய்ய, நோரா ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்தார். மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை.

"ராகம் வேண்டாம் மேடம், உணர்ச்சியும் வேண்டாம். அதெல்லாம் நான் அப்புறம் சேத்துக்கறேன்."

"சரி, என் பேரு?"

"லிஸ்ட்ல போடணும்னா சீரியல் நம்பர் கேக்கறாங்க. உங்களுக்கு இருக்கா?"

ஜனவரி மூன்று, மாலை நான்கு மணி. நிகழ்ச்சித் தாளில் கம்ப்யூட்டர் பெயர் இருந்தது, யூ.பி.எஸ். பெயர் இருந்தது, கேபிள் பெயர்கூட இருந்தது. 'வயலின்: பதிப்பு 1.0' என்றும் இருந்தது. நோரா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், அவர் பெயர் மட்டும் இல்லை. அவருடைய வயலின் வாசலில் செக்யூரிட்டி பச்சைமுத்துவிடம் டோக்கனோடு கிடந்தது. மேடையில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு காலி நாற்காலி. 'வயலினின் குறியீடு' என்றார்கள்.

பாலகுமார் பொத்தானை அழுத்தினார். பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய கம்ப்யூட்டர் நிதானமாக 1900-க்குப் போய் உட்கார்ந்துகொண்டது. இசை சாஃப்ட்வேருக்கு உரிமம் வாங்கியிருந்தது 1999-இல்தான். அந்த உரிமக் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று திரையில் வந்தது.

ஐந்து நிமிடம் அரங்கில் மௌனம். அதுதான் முதல் பகுதி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். பாலகுமார் வியர்த்து வழிந்து கடைசி வரிசைக்கு ஓடிவந்தார்.

"மேடம், மானம் போவுது! காப்பாத்துங்க!"

"என் பேரு?"

"சத்தியமா போடறேன்!"

நோரா வாசலுக்கு ஓடினார். பச்சைமுத்து கையை விரித்தார். "ஸ்டிக்கர் இல்லாத பொருள உள்ள விட்டா என் வேலை போயிடும்மா."

"அப்போ கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்கண்ணா."

பச்சைமுத்து அந்தப் பக்கம் திரும்பி, ஓடாத கடிகாரத்தில் மணி பார்க்க ஆரம்பித்தார்.

நோரா வயலினோடு மேடையேறி, அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து இருபத்து மூன்று நிமிடம் வாசித்தார். ராகத்தோடு வாசித்தார், உணர்ச்சியோடு வாசித்தார். நடுவில் பேர், அச்சு, போல்டு எல்லாமே மறந்துபோயிற்று. அவ்வளவு சந்தோஷமாக அவர் வாசித்ததே இல்லை. பக்கத்தில் பாலகுமார் கண்ணை மூடி, உயிரில்லாத கீபோர்டில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கம்பெனி டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். "என்ன டெக்னாலஜி! நிஜ வயலின் மாதிரியே இருக்கு. அந்தம்மாவும் சூப்பரா ஆக்ட் பண்ணாங்க. வில்லும் சவுண்டும் கரெக்டா மேட்ச் ஆச்சு!"

பாலகுமார் கைகூப்பினார். அடக்கம் மிகுந்தவர், தலை குனிந்து பாராட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் சந்திரசேகரன் நோராவைக் கூப்பிட்டனுப்பி, வழவழப்பான தாளில் அச்சான குழு அறிக்கையை நீட்டினார். கம்ப்யூட்டர்: மகத்தான வெற்றி, கோளாறு ஏதுமில்லை. வாசல் காவலர்: எதையும் பார்க்கவில்லை. நான்காம் பக்கத்தில், போல்டு எழுத்தில்: 'விதிமீறல் ஒன்று. தகுதி பெறாத கருவியை மேடையில் இயக்கியவர்: நோரா, பிரேசர் டவுன்.' அதன் கீழே: 'புகார் கொடுத்தவர்: பாலகுமார், இசையமைப்பாளர்.'

நோரா இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"சார், இந்தப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா?"

"எதுக்கு மேடம், அப்பீலுக்கா?"

"இல்ல சார், ஃப்ரேம் போட. அவர் பேரையும் விடாம எடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண கச்சேரியாச்சே."